தூரம் பார்த்தேன், வாடகை பார்த்தேன், தெருவைப் பார்க்கவில்லை

2018 ஜூனில் திருப்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்தபோது வீடு தேடும் விஷயத்தில் எனக்கு மூன்றே கேள்விகள்தான் இருந்தன. ஆபீஸுக்கு எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, பையனின் ஸ்கூல் பஸ் வாசலுக்கு வருமா. மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. அப்படியிருந்தும் பத்தே மாதத்தில் 1,72,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு, ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் ஒரு வருடத்தையும் தொலைத்துவிட்டு, மூட்டை முடிச்சோடு ஊரின் இன்னொரு பக்கத்துக்கு மாறினேன். அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். வளர்ந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியூருக்குப் போகிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் தள்ளிப்போட்டால் எனக்குப் போதும்.

என் கணவர் 2016-ல் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஓசூர் ரோட்டில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் "பையனை இங்கே விட்டுட்டுப் போ" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. கிளம்பும்போதே முதல் சறுக்கல். வேறு மாநிலத்தில் சேர்க்க டி.சி.யில் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் மேலொப்பம் வேண்டும் என்று பெங்களூர் பள்ளியில் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் லீவு, போக வர ரயில், ஒரு நாள் முழுக்க அலுவலக வராண்டா. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த ஒரு கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

வீடு சர்ஜாபூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பெரிய அபார்ட்மென்டில், ஒன்பதாவது மாடி. வாடகை 22,000, பராமரிப்பு 3,500. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 2,20,000 ரூபாய்க்கு வளையலும் ஆரமும் அடகுக்குப் போயின. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், வாசலில் செக்யூரிட்டி, லிஃப்டில் கேமரா. தனியாக இருக்கிற பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும் என்று நினைத்தேன். பாதுகாப்பு இருந்தது, அதைக் குறை சொல்லமாட்டேன்.

இல்லாமல் போனது என்ன என்று புரிய நாலு மாதம் ஆனது. திருப்பூரில் என் பையன் பத்து வயதிலேயே கடைக்குப் போவான். மாவு அரைக்கத் தூக்குவாளி எடுத்துப் போவான், சைக்கிளுக்குக் காற்று அடித்து வருவான், அயர்ன் கடைக்காரரிடம் "அண்ணா, அம்மா சேலை ரெண்டு வரலீங்க" என்று சண்டை போட்டுவிட்டு வருவான். அந்த வயசுப் பிள்ளை வளர்வதே இப்படிப்பட்ட சில்லறை வேலைகளில்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. ஏதோ எனக்கு உதவி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே நடந்துபோகிற தூரத்தில் ஒரு பெட்டிக்கடை கிடையாது. மெயின் ரோட்டில் நடைபாதை கிடையாது. பாலிலிருந்து பேனா வரைக்கும் எல்லாம் போனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கு வரும். அவனுக்கு வேலையும் இல்லை, யாரிடமும் வாய் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாயங்காலம் கீழே விளையாட இறங்கினால் பிள்ளைகள் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசினார்கள். இவனுக்கு ஒன்று சுத்தமாகத் தெரியாது, இன்னொன்று புத்தகத்தில் மட்டும் தெரியும். மூன்று வாரம் போனான். அப்புறம் நான் ஏழரை மணிக்கு வீடு திரும்பும்போது லைட்டுக்கூடப் போடாமல் இருட்டில் டேப்லெட்டின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பான். கர்நாடகத் தலைநகரத்தில் பத்து மாதம் இருந்து, கன்னடம் பேசுகிற ஒரு குடும்பத்தோடுகூட நாங்கள் பழகவில்லை.

பள்ளியில் இரண்டாம் மொழி இந்தி, மூன்றாம் மொழி கன்னடம். இரண்டிலும் மற்றவர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க, இவன் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தான். அரையாண்டில் இந்தியில் 80-க்கு 9. யார் எதைக் கேட்டாலும் "கன்னட கொத்தில்ல" என்று சொல்லச் சொல்லி நான்தான் பாடம் பண்ணி அனுப்பியிருந்தேன், கன்னடம் தெரியாது என்று அர்த்தம். கடைசியில் வகுப்பில் அதுவே அவன் பெயராகிவிட்டது. "ஏய் கொத்தில்ல, இங்க வா." திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி. டாக்டரிடம் மூன்று முறை போய் ஸ்கேனும் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு டீச்சர், "வீட்டில் தமிழ் பேசுவதைக் குறையுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் முட்டாள்தனமாக இரண்டு மாதம் வீட்டில் இங்கிலீஷில் பேசினேன். சோறு போடும்போது "டூ யூ வான்ட் ரசம்" என்று கேட்டிருக்கிறேன், இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. பேச ஒரு மொழி மிச்சம் இருந்த பிள்ளையிடமிருந்து அதையும் பிடுங்கினேன். யார் என்ன சொன்னாலும் இதை மட்டும் செய்யாதீர்கள். வெளியே மூன்று மொழியில் ஊமையாக இருக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு மொழியிலாவது கத்த வேண்டும், அழ வேண்டும், பொய் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு முகம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. திருப்பூரில் எங்கள் கம்பெனியில் ஒடிசாக்காரர் ஒருவர் கட்டிங்கில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தும் போகமாட்டேன் என்கிறான் என்று தன் பையனைக் கூடவே கூட்டிவருவார். பத்துப் பதினொரு வயதிருக்கும். கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, வண்ண வண்ணத் துணிக் கிழிசல்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டே இருப்பான். நாங்கள் டீ குடிக்கும்போது அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுப்போம். ஒரு வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன், அவன் பேரைக் கேட்டதில்லை. "அந்த இந்திக்காரப் பையன்" என்றுதான் சொல்வோம். அவன் பேசியது இந்தியே இல்லை, ஒடியா. என் பையனைக் 'கொத்தில்ல' என்று கூப்பிட்டவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் அந்த ஞாபகத்துக்கு அப்புறம் கொஞ்சம் இறங்கியது.

மாற்றம் தற்செயலாக வந்தது. ஆபீஸில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்த அக்கா அல்சூர் பக்கம், மர்ஃபி டவுன்காரர். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு எதிரில் இருந்த பஜ்ஜிக் கடையில் என் பையன் தானாகப் போய் நின்று, "அண்ணா, மொளகா பஜ்ஜி ஒண்ணு, சட்னி தனியா" என்று கேட்டான். ஏழு மாதத்தில் வெளியாளிடம் அவன் வாய்விட்டு ஒன்று கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று ராத்திரியே வீடு பார்க்கச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1809-ல் வெள்ளைக்காரன் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடும், பட்டாளத்துக்கு வேலை செய்யவும் வந்த தமிழர்களின் வாரிசுகள் அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் மையம், கொஞ்சம் நடந்தால் தமிழ்ச் சங்கம். அதே ஏரிக்கரையில்தான் 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. தமிழர் பகுதிக்குப் போய்விட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வான், கன்னடம் வராவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் என் எண்ணம். நல்லவேளை, அந்த எண்ணத்தை வீட்டுக்கார அம்மா முதல் வாரத்திலேயே உடைத்தார்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல். தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர். தமிழில் பேச ஆரம்பித்தால் பாதியில் கன்னடத்துக்குப் போய், காய்காரரிடம் உருதுவில் பேரம் பேசிவிட்டுத் திரும்ப வருவார். "தமிழ் பேசத்தான் இங்க வந்தீங்களா? அதுக்கு ஊர்லயே இருந்திருக்கலாமே" என்றார் என்னிடம். பையனிடம், "கண்ணு, நீ ஊமை இல்ல, உனக்குப் பாதி கன்னடம் தெரியும், தெரியும்னு உனக்குத் தெரியல" என்று சொல்லி ஒரு வித்தை காட்டினார். தமிழில் 'ப' வருகிற இடத்தில் 'ஹ' போடு. பால், ஹாலு. பத்து, ஹத்து. பூ, ஹூவு. பல், ஹல்லு. பெயர், ஹெசரு. பையன் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்போ பஸ்ஸு ஹஸ்ஸுங்களா பாட்டி?" என்று கேட்டான். அந்த அம்மா சிரித்த சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவனிடம் தமிழே பேசமாட்டார். "ஹோகி ஹாலு தகொண்டு பா", போய்ப் பால் வாங்கி வா என்று காசைக் கையில் திணித்து அனுப்புவார். கடைக்காரர் சில்லறை கேட்பார், இவன் விரல்விட்டு எண்ணுவான், பின்னால் நிற்கிறவர் திருத்துவார். உள்ளங்கையில் பேனாவால் ஒந்து, எரடு, மூரு என்று எழுதிக்கொண்டு போவான். வியர்த்து மை அழிந்த பிறகு மனப்பாடத்திலிருந்து சொல்லியாக வேண்டும். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் தெருவில் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று கன்னடத்தில் கட்டிப்புரண்டு சண்டை போட்டான்.

எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம், நம்மவர்கள் இருக்கிற இடமாகப் பாருங்கள் என்பது மட்டும் இல்லை. நமக்கு முன்னால் வந்து, இந்த ஊரோடு கலந்து, இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிற இடமாகப் பாருங்கள். நேற்று வந்தவர்கள் மட்டுமே குவிந்திருக்கும் தெரு பிள்ளைக்கு அடைக்கலம் கொடுக்கும், ஆனால் வெளியே போக வழி காட்டாது. பார்க்கிற முறையும் சுலபம்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை அந்தத் தெருவில் சும்மா நில்லுங்கள். உங்கள் பிள்ளை வயதுப் பிள்ளைகள் வெளியே இருக்கிறார்களா, என்ன மொழியில் கத்துகிறார்கள், நடந்துபோக ஒரு கடை உண்டா, பெரியவர்கள் யாராவது வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களா. பிள்ளையையும் கூட்டிப்போய் ஒரு கடையில் ஏதாவது வாங்கிவரச் சொல்லுங்கள். வீட்டுக்குள் பாத்ரூம் குழாயைத் திருகிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பிற்பாடு இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். 1993-ல் போர்ட்டஸ், ஜோ என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி வளர்வதில்லை, எந்தச் சூழலில் போய் விழுகிறார்களோ அதற்கேற்ப வெவ்வேறு பாதையில் போகிறார்கள் என்று எழுதினார்கள். கலிபோர்னியாவில் பஞ்சாபிப் பிள்ளைகள் பள்ளியில் கேலியைச் சந்தித்தும், பின்னால் கட்டுக்கோப்பான சமூகம் நின்றதால் நன்றாகப் படித்ததை உதாரணம் காட்டினார்கள். இன்னொன்று, 1994-ல் தொடங்கி அமெரிக்காவின் 5 நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகை உதவி கொடுத்த சோதனை. பல வருடம் கழித்து 2016-ல் வந்த ஆய்வில், 13 வயதுக்குள் அப்படி மாறிய பிள்ளைகள் பெரியவர்களானபோது ஏறக்குறைய 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தது தெரிந்தது. 13-க்கு மேல் மாறியவர்களுக்கு அந்த லாபம் இல்லை. அவர்கள் நிலைமை வேறு, என் நிலைமை வேறு. ஆனாலும் அதைப் படித்தபோது நான் செய்தது வயதை எண்ணிப் பார்த்ததுதான். இரண்டாவது வீட்டுக்கு மாறும்போது என் பையனுக்குப் பன்னிரண்டே முக்கால்.

சரி, புது இடம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 13,000 வாடகைக்கு ஒரு படுக்கையறை, போர் தண்ணீர், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில்தான் விடியும். ஆபீஸுக்கு இரண்டு பஸ், போக வர தினமும் இரண்டரை மணி நேரம். அப்புறம் கண்கள். 2019 கடைசியில் ஒருநாள் பையன் பெரிய பையன்களோடு ஏரிப் பக்கம் நின்று சிகரெட் இழுத்திருக்கிறான். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு சேர்வதற்குள் டீக்கடைக்காரர் வழிமறித்து, "அம்மா, தப்பா நெனக்காதீங்க" என்று ஆரம்பித்துவிட்டார். ஒன்பதாவது மாடியில் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆனால் அதே கண்கள் நான் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறேன், யார் வண்டியில் வந்து இறங்குகிறேன் என்பதையும் எண்ணின. புருஷன் இல்லாதவள் என்ற பேச்சு என் காதுக்கே வந்து சேர்ந்தது. ஒரு தடவை வீடு மாறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிள்ளையைக் கவனிக்கிற கண் வேண்டுமென்றால் என்னைக் கவனிக்கிற கண்ணையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதில் எனக்கு இன்னும் முழு சமாதானம் இல்லை.

காவிரிப் பிரச்சினையையும் சொல்லாமல் விட முடியாது. 2023 செப்டம்பர் 26-ல் பெங்களூர் பந்த், 29-ல் கர்நாடக பந்த். 2016 கலவரத்தை டிவியில் பார்த்த பயம் எனக்குள் அப்படியே இருந்தது. மகன் அப்போது இரண்டாம் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. காலையிலேயே கதவைச் சாத்திவிட்டேன். பதினோரு மணிக்கு அவன் நண்பர்கள் இரண்டு பேர், கன்னடப் பையன்கள், வந்து தட்டினார்கள். பந்த் என்பதால் ரோடு காலி, கிரிக்கெட் ஆட அவனை அனுப்ப வேண்டுமாம். விட மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். அன்று மதியம் வரை ஜன்னல் ஓரத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இனி, யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று. கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. வழியாக அரசு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர, பொதுவாக ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குள் குறைந்தது 7 வருடம் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ இங்கே பாஸ் செய்திருக்க வேண்டும். என் பையன் வந்தது ஏழாம் வகுப்புக்கு. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஆறு வருடம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கன்னடத்தில் 81 மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஒரே ஒரு வருடம் குறைந்தது. கல்லூரியில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் கிளார்க் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஆறாம் வகுப்பிலேயே கூட்டி வந்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். தமிழ்நாட்டுக் கலந்தாய்விலோ எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே படிக்காதவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். நானோ ஆதார், ரேஷன் எல்லாவற்றையும் பெங்களூருக்கு மாற்றி வைத்திருந்தேன். மாமனார் பேரில் இருந்த வீட்டு வரி ரசீது, பையனின் பழைய பள்ளிச் சான்று, என் கணவரின் சான்றிதழ்கள் என்று பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் நடந்து, சான்றிதழ் கைக்கு வர 23 நாள் ஆனது. கலந்தாய்வுக்குப் பதியக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது முடிந்த உடனே இதை வாங்கி வையுங்கள். ஊரில் உங்கள் பேரில் ஒரு காகிதமாவது உயிரோடு இருக்கட்டும். இரண்டு மாநில விதிகளையும் அந்தந்த வருடத்துக் கையேட்டில் நீங்களே வாசித்துவிடுங்கள், விதிகள் மாறும்.

முதலில் சொன்ன கணக்கு இதுதான். புரோக்கர் 22,000. பதினோரு மாதம் முடியாமல் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை 22,000, பெயின்ட் அடிக்க என்று இன்னொரு 22,000, சுத்தம் செய்யவும் உடைந்த சிங்க் குழாய்க்கும் 6,500, எல்லாம் அட்வான்ஸில் பிடித்தம். பள்ளியில் திரும்பத் தராத சேர்க்கைக் கட்டணம் 60,000, மொத்த வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டியதில் வீணாய்ப் போனது 40,000. டாக்டர் செலவு இதில் சேரவில்லை. ஒப்பந்தத்தில் எத்தனை மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது, பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற இரண்டு வரிகளைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேசிக் குறைத்திருக்கலாம். பேசினால் குறைக்கிறார்கள், இரண்டாவது வீட்டில் பேசினேன்.

மகன் இப்போது கோவையில் படிக்கிறான். ஹாஸ்டலில் அவனுக்குப் பெயர் 'கன்னடா'. போனில் அதைச் சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான். நான் அதே மர்ஃபி டவுன் வீட்டில்தான் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் கன்னடம் கற்றுக்கொள்ளாமல் தப்பித்தது நான் ஒருத்திதான், எல்லாவற்றுக்கும் அவனை அனுப்பிவிட்டுக் காலத்தை ஓட்டினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு அடித்தால் வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து குரல் கொடுக்கிறார், ஹாலு தகொண்டு பா என்று, என்னை.